மாமனாரும் உபகாரச் சம்பளமும்

கேள்வி: நெட் என்னும் தேசியத் தகுதிப் பரீட்சையில் உதவித்தொகைக்குத் தேறிய ஆராய்ச்சி மாணவனுக்குச் சர்க்கார் மாதம் 37,000 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுப்பது தண்டச் செலவு என்கிறார் என் மாமனார். தங்கள் அபிப்பிராயம் என்ன?

பதில்: சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த கணித மேதை ராமானுஜனுக்கு, எஃப்.ஏ. பரீட்சையையே தாண்டாத அந்த இளைஞருக்கு, சென்னைச் சர்வகலாசாலை 1913-ஆம் வருஷத்தில் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷங்களுக்கு உபகாரச் சம்பளம் அனுமதித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தமது ஆராய்ச்சியைப் பற்றி அறிக்கை சமர்ப்பிக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தபோது, அக்காலத்து மாமனார்களும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. (அவர் வீட்டு மளிகைக்காரர் மட்டும் சந்தோஷப்பட்டிருப்பார்; வருமானம் இரண்டரை மடங்காயிற்றே!) இன்றைக்கு அதே ராமானுஜன் விண்ணப்பித்தால், பட்டம் எங்கே, நெட் எங்கே என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெட் உதவித்தொகை இல்லாமல் மத்திய சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பல வருஷங்களாக 8,000 ரூபாய்தான். அதையும் நிறுத்துவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் தீர்மானித்ததால், டில்லியில் அதன் வாசலிலேயே மாணவர்கள் முற்றுகையிட நேர்ந்தது.

தங்கள் மாமனாரின் வருத்தம் அந்தப் பணம் கொடுக்கப்படுவதைப் பற்றியதா, மாதாமாதம் ஒழுங்காக வந்து சேராததைப் பற்றியதா என்பதை விசாரித்து எழுதவும்.