பரிஸில் பார்க்கவேண்டிய கற்கள்

கோடை வந்தால், பரிஸில் எங்கள் ஈழத்துச் சனத்தின் பகுதியான லாச்சப்பலுக்கு விருந்தாளிகள் வருவார்கள். லண்டனில் இருந்து மச்சான், ரொறொன்ரோவில் இருந்து சித்தப்பா குடும்பம், சென்னையில் இருந்து யாரோ ஒருவருடைய சம்பந்தி. ஈபிள் கோபுரம் ஒரு நாளில் முடிந்துவிடும். மோனா லீசாவை நூறு கைத்தொலைபேசிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாகிவிடும். அதற்குப் பிறகு கேட்பார்கள்: "வெளியில, காத்தோட்டமா நடந்து திரிய ஒரு இடமும் இல்லையே?"

இல்லாமல் என்ன? நடப்பவனுக்குப் பிரான்ஸ் கொடுக்கும் மரியாதை வேறெங்கும் கிடைக்காது. முதுகில் பை வேண்டும். காலில் நல்ல சப்பாத்து வேண்டும். பொக்கெற்றில் திரும்பிப் போக ரிக்கெற் வேண்டும். மூன்றும் இருந்தால் அவன் உல்லாசப் பயணி. மூன்றாவது மட்டும் இல்லையென்றால் அவன் நாட்டின் பிரச்சினை. அவனைப் பற்றி அமைச்சர்கள் தொலைக்காட்சியில் பேசுவார்கள்.

முதலில் ஃபொந்தேன்புளோ காட்டுக்குப் போகச் சொல்லுவோம். கார் து லியோன் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணித்தியாலம். நெப்போலியனின் படையில் இருந்த தெனெகூர் என்ற மனிதர் 1840களில் அங்கே பாதை அமைத்து, நடப்பவர்களுக்கு அடையாளம் வைத்துக் கொடுத்தார். 1861இல் ஓவியர்கள் சத்தம் போட்டதால் காட்டின் ஒரு பகுதியைக் கோடரி படாமல் ஒதுக்கினார்கள். அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவுக்குப் பதினொரு வருடம் முந்திய கதை இது. இப்போது உலகம் முழுவதிலும் இருந்து பாறை ஏறுகிறவர்கள் வருகிறார்கள். முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். விழுந்தால் நோகக்கூடாதே. ஏறுவதற்கு முன் சின்னத் தூரிகையால் கல்லைத் துடைக்கிறார்கள். மழை பெய்தால் ஏறமாட்டார்கள். நனைந்த மணற்கல் உடைந்துவிடுமாம். கல் காயும் வரைக்கும் காத்திருக்கிறார்கள்.

கல்லுக்கு அவ்வளவு கருணை.

பரிஸ் நகரசபைக்கும் கல்லில் பிரியம் உண்டு. 2017 பெப்ரவரியில் போர்த் து லா சப்பலில் உள்ள பாலத்தின் கீழே பாறாங்கற்களைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். அலங்காரத்துக்கு இல்லை. அங்கே ஆட்கள் படுத்தார்கள். இனிப் படுக்கக்கூடாது. அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், அதற்கு மூன்று மாதம் முந்தி, 2016 நவம்பரில், கூப்பிடு தூரத்தில் அகதிகளுக்கு ஒரு வரவேற்பு நிலையத்தைத் திறந்ததும் இதே நகரசபைதான். உள்ளே இடம் போதவில்லை. முறை வரும்வரை சனம் வெளியே, பாலத்தடியில் படுத்தது. உள்ளே வரவேற்பு, வெளியே பாறாங்கல். இரண்டுக்கும் காசு எங்கள் வரிப்பணம். கோபம் வந்த கல்தச்சர்கள் சிலர் உளியோடு வந்து அந்தக் கற்களைக் கொத்தத் தொடங்கினார்கள். மாதக்கணக்காக நடந்த இந்தக் கூத்தில், தன் தொழில் தெரிந்து நடந்துகொண்டது அவர்கள் மட்டும்தான்.

ஆகவே மச்சான், கோடை விடுமுறைக்கு வந்தால் ஒரு கல்லைப் பார்த்து, மற்றதையும் நினைத்துவிட்டுப் போகலாம். ஒன்றில் ஏறலாம். மற்றதில் யாரும் ஏறவும் இல்லை, யாரும் படுக்கவும் இல்லை. வெறுமனே அதிகாரத்தோடு கிடந்த கல்.

நடைக்கு அடுத்தது கூடாரம். இரண்டு செக்கனில் தானே விரிகிற கூடாரத்தைப் பிரெஞ்சுக்காரர் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தூக்கி எறிந்தால் வீடு. ஆல்ப்ஸ் பக்கம், எக்ரான், மெர்கொந்தூர் தேசியப் பூங்காக்களில் அதை அடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. மாலை ஏழு மணி தொடக்கம் காலை ஒன்பது மணிவரை. றோட்டில் இருந்து ஒரு மணித்தியால நடைக்கு அப்பால் போனால் போதும். காலையில் கோப்பி குடித்து, மலையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மடித்துக்கொண்டு நடக்கலாம். ஒரு காவலாளியும் கேட்கமாட்டான்.

அதே கூடாரம், அதே நிறம், அதே கடையில் வாங்கியது. அதை மெத்ரோப் பாலத்தின் கீழ் அடித்துப் பாருங்கள். ஒன்பது மணிவரை யார் விடுகிறார்கள்? விடியப்புறமே வான்கள் வந்து நிற்கும். 2020 நவம்பர் 23 அன்று ரிப்பப்ளிக் சதுக்கத்தில் நடந்ததை நாடே பார்த்தது. பெரும்பாலும் ஆப்கானிய அகதிகள். நீல நிறக் கூடாரங்கள். உள்ளே ஆள் இருக்கவே கூடாரத்தைத் தூக்கி உலுக்கினார்கள் பொலிஸார். ஆள் கீழே விழுந்தான். காட்சிகள் சில அதிர்ச்சி தருவதாக உள்துறை அமைச்சரே சொன்னார். அவருடைய பொலிஸ் செய்ததைப் பார்த்து அவருக்கே அதிர்ச்சி. மனிதர் பாவம், எங்களோடு சேர்ந்து தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறார்.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள். அதுவும் இருக்கிறது. 2006 டிசம்பரில் சென் மார்த்தன் கால்வாய்க் கரையில் செந்நிறக் கூடாரங்களை வரிசையாக அடித்து ஒரு போராட்டம் நடந்தது. தேர்தல் கிட்ட வந்ததால் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. 2007 மார்ச்சில் வீடில்லாதவன் வீட்டுக்காக அரசுக்கு எதிராக வழக்குப் போடலாம் என்று சட்டம் வந்தது. வழக்குப் போடலாம். வெல்லலாம். தீர்ப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுக்கலாம், பாறாங்கல் இல்லாத இடமாகப் பார்த்து.

எங்களுக்கே நேர்ந்த ஒரு சிறப்பையும் சொல்லவேண்டும். 2015 மே 24ஆம் திகதி கான் திரைப்பட விழாவில் 'தீபன்' படத்துக்குத் தங்கப் பனை விருது கிடைத்தது. ஈழத்து அகதி ஒருவன் பிரான்ஸ் வந்து படும் பாடுதான் கதை. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 2ஆம் திகதி காலை, லாச்சப்பல் மெத்ரோவின் கீழ் கூடாரங்களில் கிடந்த சூடானியர், எரித்திரியர் எல்லாரையும் பொலிஸ் வந்து கிளப்பியது. சுகாதாரக் கேடாம். பிறகு அந்த இடத்துக்குக் கம்பி வேலி வந்தது. திரையில் அகதி என்றால் விருது. திரைக்கு வெளியே என்றால் வேலி. தீபனும் நடிகராக இருந்தபடியால்தான் செங்கம்பளத்தில் நடந்தார்.

பூங்கா பார்க்க விரும்புகிறவர்கள் ரூ தொபெர்வில்லியே பக்கம் வரலாம். எயோல் பூங்கா. பழைய ரயில்வே நிலம், 4.2 ஹெக்டேயர். புல்லுக்கே பஞ்சமான எங்கள் பகுதிக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று குடியிருப்பவர்கள் வருடக்கணக்காகக் கூட்டம் போட்டு, மனுக் கொடுத்து, சண்டை பிடித்து வாங்கியது. 2007இல் திறந்தார்கள். பதினான்கு வருடம் கழித்து அதிகாரிகளுக்கு அதில் ஒரு புதுப் பயன் தெரிந்தது. ஸ்தாலின்கிராட் சதுக்கத்துப் பக்கம் கிராக் போதைப்பொருள் புகைப்பவர்களால் தொல்லை என்று சனம் கொதித்தது. பிரிபெக்சரும் நகரசபையும் தலையைப் பிய்த்து யோசித்தன. வைத்தியசாலை திறக்கலாமா? படுக்க இடம் கொடுக்கலாமா? 2021 மே மாதம் முடிவு வந்தது: இரவு ஒரு மணிவரை பூங்காவைத் திறந்து அவர்களை உள்ளே விடுவது. பகலில் பிள்ளைகளின் விளையாட்டு, இரவில் கிராக் குழாய். ஒரே புல், இரண்டு ஷிஃப்ட்.

பெற்றோர் குமுறினார்கள். ஜூன் முடிவில் அவர்களைப் பூங்காவில் இருந்து வெளியேற்றினார்கள். ஆட்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். வெளியே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க மேலும் மூன்று மாதம் பிடித்தது. செப்டெம்பரில் பஸ்ஸில் ஏற்றிப் போர்த் து லா வில்லெத்தில் இறக்கினார்கள். அவர்கள் பக்கத்து நகரமான பொந்தனுக்குள் போய்விடக்கூடாது என்று சுரங்கப்பாதைக்குக் குறுக்கே சுவர் கட்டினார்கள். சீமெந்துக் கல்லில், மெய்யான சுவர். பேர்லின் சுவர் விழுந்த நாளுக்கு வருடா வருடம் பேச்சு வைக்கிற ஐரோப்பாவில், ஒரு சுரங்கப்பாதையின் நடுவில். 2022 ஒக்டோபரில் அந்த முகாமையும் கலைத்தார்கள். நோய் போனதா என்று கேட்டால், இடம் மாறியது என்று பதில். வைத்தியர் இல்லாத ஊரில் பஸ் சாரதிதான் வைத்தியர்.

குளிக்க ஆசைப்படுபவர்களுக்கு சேன் நதி இருக்கிறது. 1923இல் குளிக்கத் தடை. மூன்று வருடத்தில் நானே குளித்துக் காட்டுகிறேன் என்று 1990இல் மேயர் சிராக் சொன்னார். ஜனாதிபதியானார், ஓய்வு பெற்றார், இறந்தும் போனார், குளிக்கவில்லை. ஒலிம்பிக்குக்காக ஏறக்குறைய 1.4 பில்லியன் யூரோவை ஆற்றில் கொட்டினார்கள். 2024 ஜூலை 17இல் மேயர் இதால்கோ இறங்கி நீந்தினார். படம் எடுத்தார்கள். 2025 ஜூலை 5ஆம் திகதி பொதுசனத்துக்கும் திறந்தார்கள். மறுநாள் மழை. ஆறு அழுக்கு. குளிக்கத் தடை. பில்லியன் போட்ட ஆற்றுக்கும் ஃபொந்தேன்புளோக் கல்லுக்கும் ஒரே குணம். மழை பெய்தால் கிட்டப் போகக்கூடாது.

எங்கள் சனமும் சும்மா இல்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் முறை வைத்துப் படுத்த காலம் கடை முதலாளிக்கு மறந்துவிட்டது. இன்று அவருடைய கடை வாசலில் அட்டைப்பெட்டி விரித்துக் கிடக்கும் ஆப்கான் பெடியனைப் பார்த்துச் சொல்கிறார்: "இவங்களாலதான் அண்ணை ஏரியாவே கெட்டுப்போச்சு." முப்பது வருடத்துக்கு முந்தி இதே தெருவில் எங்களைப் பார்த்துச் சொன்ன வசனம். சொன்னவர் மாறியிருக்கிறார், கேட்பவர் மாறியிருக்கிறார், வசனம் அச்சுப் பிசகவில்லை. தொண்ணூறுகளில் மொஸ்கோவில் இறங்கி, உக்ரைன், ஸ்லோவாக்கியா என்று எல்லைக் காடுகளை ராவோடு ராவாக நடந்து கடந்தவர்கள்தான் இந்தத் தெருவில் பாதிப் பேர். ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில் கட்டிப் போன நடை. பனி, ஆறு, நாய், பொலிஸ். கூட்டிப் போனவன் பாதி வழியில் ஓடிவிடுவான். இப்போது அதே காடுகளைச் சாகச நடை என்று விற்கிறார்கள், காப்புறுதியும் இராச்சாப்பாடும் சேர்த்து. அதன் விளம்பரத்தைப் பார்த்து, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று யோசிப்பவரும் அதே முதலாளிதான். ஆவணியில் மாணிக்கப் பிள்ளையார் தேரிழுக்கும்போது றோட்டை மறித்துத் தருகிற பொலிஸுக்கு அவர் மோரும் கொடுப்பார். அன்றைக்கு நாங்களும் ஒரு காட்சி. வெள்ளைக்காரர் தேங்காய் உடைப்பதைப் படம் பிடிப்பார்கள். மறுநாள் வான்கள் வேறு வேலையாக வரும்.

கடைசியாக, காசில்லாமல் சுற்றுலா போக விரும்புவோருக்கு. ஒலிம்பிக் வருவதற்கு முந்திய வருடம் அரசாங்கமே ஒரு திட்டம் தொடங்கியது. பரிஸில் தெருவில் கிடந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி மாகாணங்களுக்கு அனுப்புவது. 2023 ஏப்ரல் தொடக்கம் 2024 மே வரை பரிஸ் பிராந்தியத்தில் இருந்து 12,500க்கு மேற்பட்டோர் கிளப்பப்பட்டதாகத் தொண்டு அமைப்புகளின் கூட்டணி கணக்குச் சொன்னது. ஒலிம்பிக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அரசாங்கம் சொன்னது. சம்பந்தம் இல்லாத காரியங்கள் ஒரே வருடத்தில் நடப்பது பிரான்சில் வழக்கம்.

2024 மார்ச்சில் ஒர்லேயோன் நகர மேயர் பத்திரிகைகளிடம் பொரிந்து தள்ளினார். தனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், நூற்றுக்கணக்கான ஆட்களைத் தன் ஊருக்கு அனுப்புகிறார்களாம். மூன்று வாரம் ஹொட்டலில் வைக்கிறார்களாம். அதற்குப் பிறகு கைவிட்டுவிடுகிறார்களாம். அவருடைய கோபம் அனுப்பியதற்கு இல்லை. தன்னிடம் அனுப்பியதற்கு.

ஒர்லேயோன் அழகான ஊர். லுவார் ஆறு ஓடுகிறது. நாடு முழுக்கக் கிடக்கிற நெடுநடைப் பாதைகளில் முதலாவதை 1947இல் அந்த ஆற்றங்கரையில்தான் திறந்தார்கள். மரத்துக்கு மரம் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு பூசியிருக்கும், வழி தவறாது. நாலாவது வாரம் ஹொட்டல்காரன் திறப்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினால், அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.