கவரைப்பேட்டையில் மொய் வைக்காத விருந்தாளிகள்

கேள்வி: முகம் தெரியாதவருக்கு உதவுவதே நம் மனத் திருப்திக்காகத்தானே? அப்படியானால் அதுவும் சுயநலம்தானே?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: அந்தச் சுயநலத்தை ரேஷனில் கிலோக் கணக்கில் போட்டால் நாடு உருப்பட்டுவிடும்! சாட்சி உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை இரவு. பீகாருக்குப் போய்க்கொண்டிருந்த மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில்மீது மோதியது. இருட்டில் ஓடிப்போய்ப் பெட்டிகளிலிருந்து ஆட்களை இறக்கியவர்களில் ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். நல்லவேளை, ஓர் உயிர்கூடப் போகவில்லை. மொழி தெரியாத பயணிகள் கல்யாண மண்டபங்களில் தங்கினார்கள், மொய் வைக்காமலே. தடம்புரண்ட பெட்டியில் ஏறுகிறவன், ‘இதில் எனக்கு எவ்வளவு திருப்தி தேறும்?’ என்று கணக்குப் போட்டிருப்பானா? திருப்தி பிறகு வருவது. பின்னால் வந்த பலனை முன்னால் இருந்த நோக்கமாக்குவதுதான் உங்கள் கேள்வியின் கோளாறு.

ஆராய்ச்சியும் இதற்கு ஒத்துப்போகிறது. 2008-ல் எலிசபெத் டன் குழுவினர் சிலருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து அன்றே செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவே இல்லை. ‘விபத்தென்றால் எவனும் ஓடுவான், மற்ற நாளில்?’ என்பீர்கள். நியாயம்தான், அங்கேதான் நாம் கஞ்சர்கள். சிப்காட் போகும் ஷேர் ஆட்டோவில் ஒடிசாப் பையன் துண்டுச்சீட்டை நீட்டினால், இறங்குமிடத்தைச் சொல்லிவிடுங்கள். சுயநலமா என்பதை அப்புறம் விவாதிக்கலாம்.