பன்னிரண்டாமவர் சித்தாந்தம்: விளையாட்டுச் சங்கத் தேர்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் கமிட்டிக்குத் தேர்தலில் நிற்பது என்னும் விஷயம், அதன் கனத்துக்கு ஏற்ற அளவில் நம் பண்டிதர்களால் இதுகாறும் ஆராயப்படாமற் போனதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: பண்டிதர்கள் விளையாடுவதில்லை என்பது ஒன்று, விளையாடுகிறவர்கள் தேர்தலில் நிற்பதில்லை என்பது மற்றொன்று. முன்னது உலகறிந்த சேதியாகையால் விளக்கம் வேண்டா. பின்னதுதான் இக்கட்டுரையின் பொருள். அதை நிலைநாட்டுவதற்கான சான்றுகள் புனே நகரத்தில் கிடைப்பது போல வேறெங்கும் கிடைப்பதரிது. கல்லூரி, ஜிம்கானா, கமிட்டி ஆகிய மூன்றும், பெர்குஸன் கல்லூரிச் சாலையில் ஒரு பன் மஸ்காவைத் தின்றுகொண்டே நடந்து பார்த்துவிடக்கூடிய நெருக்கத்தில் செழித்து வளர்ந்த நகரம் அது.

மரபை ஒட்டி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம், அதிகாரி என்னும் நான்கையும் முதலிலேயே கூறிவிடுவது முறை. விஷயம், கமிட்டி. சம்பந்தம், அதற்கும் விளையாட்டுக்கும் இடையே இருப்பதாகக் கருதப்படுவது. பிரயோஜனம், யாதொன்றும் இல்லை. அதிகாரி, அதாவது இதைப் படிக்கத் தகுதி பெற்றவர், வகுப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகைப் பதிவு உள்ளவர். இந்த நிபந்தனையின் நியாயம் பின்னே புலப்படும்.

நம் சித்தாந்தத்தைச் சூத்திரமாகவே யாத்து வைத்திருக்கிறோம்: ‘ஆட்டம் பெறாதான் அவைமுன் நிற்கும்.’ வேறு உரையாசிரியர் தோன்றும் வரையில் இதற்கு நாமே உரை கூறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் அணியில் பதினொருவர் ஆடுகிறார்கள். பன்னிரண்டாமவர் ஒருவர் வெள்ளுடை உடுத்து, காலணியை இறுகக் கட்டி, தொப்பியும் தரித்து, ஆடுவதற்கு வேண்டிய சகல ஆயத்தங்களோடும் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நாள் முழுவதும் ஓய்வு. ஓய்விலே சிந்தனை பிறக்கிறது. சிந்தனை குறைகளைக் காண்கிறது. குறைகளைக் கண்டவர் சீர்திருத்தக்காரராகிறார். பயிற்சி வலையில் எந்த மூலை கிழிந்திருக்கிறது, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பின் ஊசி எந்த மாதத்தில் காணாமற் போயிற்று, சாமான் அறையின் சாவியை வைத்திருக்கும் பியூன் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்பன போன்ற நுட்பங்களையெல்லாம் அணியில் அறிந்தவர் அவர் ஒருவரே. பேட் பிடிப்பவருக்கு, பந்து வீசுபவரைத் தவிர உலகத்தில் வேறு யாரையும் தெரியாது. பன்னிரண்டாமவருக்கோ, எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த புண்ணியத்தால், இரண்டு அணியிலும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். ஓட்டுக் கேட்பதற்கு இதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்?

இதற்குப் பூர்வபட்சம் கூறுவோர் உண்டு. சிறந்த ஆட்டக்காரனே சங்கத்துக்கு இயற்கையான தலைவன். அவன் ஒரு சதம் அடித்துவிட்டு வந்து நின்றால் எதிர்த்து நிற்பார் யார் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சதம் அடிக்கிறவனுடைய கதி எங்கே நிர்ணயமாகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. 1948 டிசம்பரில், இதே புனேயில் நடந்த ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில், மகாராஷ்டிர அணிக்காகப் பாவூசாகேப் நிம்பால்கர் கத்தியவார் அணிக்கு எதிராக 443 ஓட்டம் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்றார். 1930-இல் பிராட்மன் எடுத்த 452 அப்போது உலக சாதனை. இன்னும் பத்து ஓட்டம் எடுத்திருந்தால் அது முறிந்திருக்கும். எதிரணித் தலைவராக இருந்தவர் ராஜ்கோட் டாகூர் சாகிப். அவர் இடைவேளையில், தம் அணியின் பெயர் சரித்திரத்தில் அந்த விதமாக இடம் பெறுவதை விரும்பாமல், ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத் தம் பரிவாரத்தோடு புறப்பட்டுவிட்டார். வெயிலில் நின்று 443 ஓட்டம் சேர்த்த மனிதருக்கு, பந்தல் நிழலில் எடுக்கப்பட்ட முடிவு ஒன்றைக் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆட்டம் வெயிலிலும் அதிகாரம் நிழலிலும் இருக்கின்றன என்பதை வெயிலில் நிற்பவன் மிகத் தாமதமாகவே உணர்கிறான்; நிழலில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாமவருக்கு அது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

கமிட்டியில் இருப்பவருக்கு விளையாட்டு தெரிந்திருக்க வேண்டுமா என்னும் கிளைக் கேள்விக்கும் புனேயே விடை தந்திருக்கிறது. 1906-இல் தோன்றிய டெக்கான் ஜிம்கானா, ஸர் தோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு, 1920-ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களை அனுப்பும் முயற்சிக்கு முன்னின்றது. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அங்கே தகுதி நேரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டபோது, ஜிம்கானாவின் முக்கிய அங்கத்தினர் ஒருவர், ஒரு நிமிஷத்திலிருந்து இரண்டு நிமிஷத்துக்குள் இருக்கலாம் என்று விடை பகர்ந்ததாகவும், கணக்கு நிமிஷத்தில் அன்று, விநாடியிலும் விநாடியின் பின்னத்திலும் என்று கேட்டுத் திகைத்துப் போனதாகவும் ஒரு கதை வழங்கிவருகிறது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அப்படிப்பட்டவர்களும் கூடியிருந்த முயற்சியால்தான் நான்கு ஓட்டக்காரர்களும் இரண்டு மல்லர்களும் கப்பல் ஏறினார்கள், அவர்களுள் ஒருவரான பதேப்பா சௌகுலே மராத்தான் ஓடி 19-ஆவது இடமும் பெற்றார். விநாடியைப் பின்னமாக எண்ணத் தெரிந்தவர் ஓடப் போய்விடுவார். தெரியாதவர்தாம் உட்கார்ந்து சந்தா வசூலிப்பார். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை.

இனிப் பண்டைய நடைமுறையைச் சிறிது நோக்குவோம். உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 921-ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டில் கண்ட குடவோலை முறையைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. மறந்தாலும் மேடைப் பேச்சாளர்கள் விடமாட்டார்கள். வாரியம் என்னும் ஊர்க் கமிட்டிக்கு, குடும்பு என்னும் முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, எழுத்தறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் கூடாது. மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய அத்தை மக்கள் மாமன் மக்கள் முதலாகிய உறவினரும் கூடவே கூடாது. இந்தக் கடைசி விதியை இன்றைய விளையாட்டுச் சங்கங்களில் புகுத்தினால், பொருளாளர் பதவிக்கு நிற்க அண்டை மாநிலத்திலிருந்துதான் ஆள் தருவிக்க வேண்டியிருக்கும். ஆயினும் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது வேறு. அங்கே யாரும் ‘நிற்கவில்லை’. குடத்துக்குள் கிடக்கும் ஓலைக்கு ஆசை இல்லை. கையை விட்டு எடுக்கும் சிறுவனுக்கு அபிமானம் இல்லை. ஏரி வாரியத்தில் இடம் பிடிக்க யாரும் யாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்ததாகக் கல்வெட்டில் குறிப்பே கிடையாது.

நீர்நிலை என்று வந்த பிறகு, புனேயின் படகுச் சங்கத்தைச் சொல்லாமல் போவது தகாது. 1854-இல் தொடங்கிய புனே பொறியியற் கல்லூரி, 2022 முதல் தானே ஒரு பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அதற்கு, மூளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தருகே, 1928-ஆம் ஆண்டிலிருந்து மாணவர் கையாலேயே நடந்துவரும் படகுச் சங்கம் உண்டு. ஆகாயத் தாமரை படர்ந்தும் ஊர்க் கழிவு கலந்தும் கிடக்கும் அந்த ஆற்றில், ஆண்டுதோறும் ரெகாட்டா என்னும் விழாவன்று, மாலை மங்கியதும் தீவட்டிகளோடு படகுகளை அணிவகுத்து வரச் செய்வதைப் பார்ப்பவர்கள், ஆற்றின் மணத்தைச் சற்று மறந்துவிடுகிறார்கள். படகுப் போட்டியில் நம் சித்தாந்தத்துக்கு அருமையான சான்று ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர் துடுப்புப் போடும் நீண்ட படகில் ஒன்பதாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க இழுப்பார்கள். ஒன்பதாமவர் மாத்திரம் முன்னோக்கி அமர்ந்து, துடுப்பைத் தொடாமல், குரல் கொடுப்பார். கமிட்டி அங்கத்தினர் ஒருவரை ஆட்டத்துக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போகும் பெருந்தன்மை உலகத்தில் வேறு எந்த விளையாட்டுக்கும் வாய்க்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். மாணவர் தேர்தல்களில் அடிதடியும் அதற்கு மேலும் கண்டு சலித்த மகாராஷ்டிரம், 1994-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தில் ஒரு யுக்தி செய்தது: முந்திய பரீட்சையில் மேலான மார்க்கு வாங்கியவரே வகுப்புப் பிரதிநிதி; விளையாட்டில் சிறந்து விளங்கிய ஒருவரைக் கல்லூரி முதல்வரே மாணவர் பேரவைக்கு நியமிப்பார். அதாவது, நாம் மேலே கண்ட பூர்வபட்சத்தையே சர்க்கார் சட்டமாக்கிவிட்டது! சிறந்து விளங்குகிற மாணவன் போட்டிக்காக வெளியூர் போயிருப்பான் என்பதும், பேரவைக் கூட்டத்தில் அவன் நாற்காலி மாத்திரம் ஆஜராகும் என்பதும் சட்டம் செய்தவர்களுக்குத் தோன்றாமற் போனது வியப்பே. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பேரவைக்கு மறுபடியும் தேர்தலுக்கு வழி திறந்தது. 2019-இல் தேர்தல் என்று அறிவித்தும் விட்டார்கள். சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து வந்த அவ்வாண்டில் அது தள்ளிப் போயிற்று. பெரிய பேரவைக்கு இல்லாத தேர்தலின் மேல் மாணவர்களுக்கு உள்ள தாகத்தையெல்லாம், பாட்மிண்டன் சங்கமும் டேபிள் டென்னிஸ் சங்கமும் தலைமேல் தாங்க வேண்டியிருப்பது இதனால்தான் என்பது நம் துணிபு.

மாணவர் தேர்தல்களுக்கென்று லிங்டோ கமிட்டி வகுத்து, 2006-இல் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்ட விதிகளைச் சின்னச் சங்கங்களும் ஆர்வத்தோடு எடுத்து ஆண்டுவருகின்றன. செலவு ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்படலாகாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, ஒலிபெருக்கி கூடாது, எழுபத்தைந்து சதவிகித வருகை வேண்டும், நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு தடவை, வெறும் அங்கத்தினராவதற்கு இரண்டு தடவைதான் நிற்கலாம். வருகை விதி ஒன்றே நம் சூத்திரத்தை மெய்ப்பிக்கப் போதுமானது. அணியில் ஆடுகிறவனுக்கு எந்த வகுப்பில் எழுபத்தைந்து சதவிகிதம் தேறும்?

அச்சடிக்கக் கூடாது என்றதனால் விளைந்த கலை தனியே ஆராயத்தக்கது. அபேட்சகரின் அறைத் தோழர், சார்ட் அட்டையைத் தரையில் விரித்து, ஸ்கெட்ச் பேனாவால் பெயரின் முதலெழுத்தை முழங்கையளவு பெரிதாகத் தொடங்குகிறார். சொந்தப் பெயர் முடியும்போது அட்டையில் பாதி தீர்ந்துவிடுகிறது. மராட்டிய வழக்கப்படி தகப்பனார் பெயரும் குடும்பப் பெயரும் இன்னும் பாக்கி. எழுத்துகள் மெல்ல மெல்ல இளைத்து, கடைசியில் குடும்பப் பெயரின் வாலானது ஓரமாகத் திரும்பிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அதன் அடியில் வாக்குறுதி: ‘புதிய வலை வாங்குவோம்.’ ஊரோ, வீட்டுக் கதவிலும் கடை வாசலிலும் குத்தலாகப் பலகை எழுதி மாட்டுவதில் பேர் பெற்ற புனே. மறுநாள் காலைக்குள் வேறொரு கை அதன் கீழே எழுதியிருக்கும்: ‘பழைய வலையைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு மாத்திரம்.’

வகுப்புத் தொடங்கிய ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தேர்தல் முடிய வேண்டும் என்பதும் லிங்டோ விதி. டில்லியில் உட்கார்ந்து வகுத்தவர்களுக்கு, புனேயில் அது பெரும்பாலும் கணபதி விழாவில் போய் முட்டும் என்பது தெரிந்திராது. அந்த நாட்களில் மாணவர்களில் பலர் மாலை தோறும் ஆற்றங்கரையில் டோல் தாஷா மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஓட்டுக் கேட்கப் போகிறவர் அந்த முழக்கத்தினூடே தம் கொள்கைகளை விரல்களால் அபிநயித்துத்தான் காட்ட வேண்டும். ஆனால் இதனாலும் ஒரு லாபம் உண்டு. மண்டல் என்னும் விழாக் குழுவுக்காக நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு படியேறி இறங்கியவர்களுக்கு, யாரை ‘தாதா’ (அண்ணன்) என்றும் யாரை ‘காகா’ (சித்தப்பா) என்றும் அழைக்க வேண்டும், கதவு சாத்தப்படுவதற்கு முன் எத்தனை வாக்கியம் பேசலாம் என்பவையெல்லாம் அத்துப்படி.

தேர்தல் முடிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து இடங்களுக்கு ஆறு பேர் நிற்பது பொது விதி. ஒருவர் தோற்பார். தோற்றவர் மனம் நோகலாகாது என்று முதற் கூட்டத்திலேயே அவரைச் சிறப்பு அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்வார்கள். அவரை முன்மொழிந்தவர் உபகமிட்டி ஒன்றுக்கு அமைப்பாளராவார். வழிமொழிந்தவர் அந்த உபகமிட்டியே ஆவார். நாம் அருகிருந்து கவனித்த சங்கம் ஒன்றில், முதற் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடி, வலை வாங்குவதற்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்பதா, இரண்டு கடைகள் போதுமா என்பதை ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. அதே வேளையில் மைதானத்தில் பக்கத்துக் கல்லூரியோடு ஆட்டம். காலையில் ஓர் ஆட்டக்காரருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதென்று, அணித் தலைவர் ஆள் மேல் ஆள் அனுப்பிப் பன்னிரண்டாமவரைத் தேடினார். பொருளாளர் கூட்டத்தில் இருக்கிறார், நடுவில் எழுந்து வருவதற்கில்லை என்று பதில் வந்தது. அணி பத்துப் பேரோடு ஆடியது.