நாடாவின் சுருதியும் நாட்டின் மின்சாரமும்: பெரியகுளத்து ஸ்பூல் டேப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்பூல் டேப் ரிக்கார்டரைப் பராமரிப்பது பற்றித் தொல்காப்பியர் நூற்பா எதுவும் செய்யவில்லை. உரையாசிரியர்களும் வாய் திறக்கவில்லை. தமிழாய்வில் இவ்வளவு பெரிய பள்ளம் இத்தனை காலம் மூடப்படாமல் கிடந்தது வியப்புக்குரியது. அதில் ஒரு கூடை மண்ணாவது போடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் பெரியகுளம். ஆய்வுப் பொருள், ஒரு வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கிய கிரண்டிக் மெஷின். வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் மேக்னட்டோஃபோனைக் காட்சிக்கு வைத்தது. 1936 நவம்பரில் லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவின் கச்சேரி லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் நாடாவில் பதிவானது. ஜெர்மனிக்காரன் கண்ட வித்தை பெரியகுளத்துப் பரணுக்கு வந்தது சிலோன் வழியாகவா, மலேயா வழியாகவா, பர்மா வழியாகவா என்பதில் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே மூன்று கட்சி. பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருப்பதால் அதற்குள் நாம் போகவில்லை.

வராக நதி ஊரை வடகரை, தென்கரை என்று பிரிப்பதை எல்லோரும் அறிவர். டேப் பராமரிப்பிலும் அப்படி இரு சம்பிரதாயங்கள் இருப்பதாகக் கொள்வது ஆய்வுக்கு வசதியாக இருக்கிறது. குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுபோல் நாம்தான் ஸ்க்ரூ டிரைவரோடு முயல வேண்டும் என்பது வடகரைச் சித்தாந்தம். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோல் மெஷின் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், வேண்டுமானால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டலாம் என்பது தென்கரைச் சித்தாந்தம். தட்டினால் சரியாகிறது என்பதை நாமும் கண்ணால் கண்டோம். ஏன் சரியாகிறது என்று கேட்பது பக்தி இன்மை.

ஹெட்டைத் துடைப்பதில் மட்டும் இரு கரையும் ஒத்துப்போகின்றன. மெடிக்கலில் போய் ‘ஸ்பிரிட்’ என்று கேட்டால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். பொறுத்துக்கொள்ள வேண்டும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, ஹெட்டின் மேல் இரண்டு இழுப்பு. பஞ்சு செம்பழுப்பாகும். அது இரும்பு ஆக்ஸைடு, பச்சையாகச் சொன்னால் துரு. யார் வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரமோ இப்படிப் பொடியாய்ப் பஞ்சில் ஒட்டி வருகிறது. நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளைக்கு ஸ்பிரிட் ஆகாது, காய்ந்து வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும். உள்ளே இருக்கும் பெல்ட்டோ பல வருஷம் பரணில் கிடந்து தாராக உருகியிருக்கும். அதைத் தொட்ட விரலோடு வெள்ளை வேட்டியைத் தொட்டவர்கள் பிறகு ஆய்வில் தொடர்வதில்லை.

அடுத்து ஹெட்டின் கோணம். ஹெட்டில் உள்ள நுண்ணிய பிளவு, நாடா ஓடும் திசைக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். ஹெட் கால் டிகிரி சாய்ந்தாலே அந்த ஒலி ஏறக்குறைய முழுதாகச் செத்துவிடும், வித்வான் போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்ததாகிவிடும். இதைச் சரிசெய்ய வெளிநாட்டில் சோதனை நாடா விற்கிறார்கள். நம் ஊரில் நாதஸ்வர செட்டில் ஒத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் ஜால்ரா தட்டிக்கொண்டிருப்பான். அந்த ‘ணிங்’ கூர்மையாகக் காதில் விழும்வரை ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் போதும். அந்தப் பையனுக்குக் கச்சேரியில் கிடைக்காத மரியாதை இங்கே கிடைக்கிறது.

இனி நமது மூல ஆய்வுரை. அதற்குக் காரணம் களத்தில் கேட்ட ஓர் உரையாடல்.

“மாமா, சுருதி எறங்குதே, பெல்ட்டு தேஞ்சுபோச்சா?”

“பெல்ட்டுல என்னடா இருக்கு மாப்ள, கரண்டு எறங்குது.”

மாப்பிள்ளை சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. வீட்டு ஸ்பூல் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஏ.சி. மோட்டார். அதன் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, மின்சாரத்தின் அதிர்வெண். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மெஷினை இங்கே ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் மூன்று கட்டைக்கு வந்து நிற்பார், வீட்டில் சுக்குக் கஷாயம் தேடுவார்கள். தொண்ணூறுகளில் தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பில் உச்ச நேரத்து அதிர்வெண் 48.5க்கும் கீழே போனதுண்டு. 50க்கு 48.5 என்பது நூற்றுக்கு மூன்று குறைவு. சங்கீதக் கணக்கில் அது சுமார் கால் கட்டை.

இங்கே கவனிக்க வேண்டியது, கட்டமைப்பு முழுவதுக்கும் அதிர்வெண் ஒன்றே. 1895இல் பென்னி குயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றி, மின்சாரமாகிக் கட்டமைப்பில் கலக்கிறது. அதே கட்டமைப்பிலிருந்துதான் ஆந்திராவில் மோட்டார் போட்டுக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஆக, அங்கே மோட்டார்கள் ஓடினால் பெரியகுளத்தில் காம்போதி இறங்குகிறது. சங்கீத விமர்சகர்கள் இதைப் பாடகரின் அசதி என்று எழுதிவிட வாய்ப்பிருந்தது.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. மாலை ஏழு மணிக்கு 48.5இல் பதிந்த நாடாவை 50இல் போட்டால் சுருதி கால் கட்டை ஏறும். ஒரு மணி நேரக் கச்சேரி 58 நிமிடத்தில் முடியும். மீதி இரண்டு நிமிடம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை மின்வாரியம்தான் சொல்ல வேண்டும். ராகங்களுக்கு வேளை வகுத்த முன்னோர் வழியில் நாம் ஒரு விதி வகுத்தோம்: எந்த வேளையில் பதிந்ததோ அந்த வேளையிலேயே கேட்க வேண்டும். துரதிர்ஷ்டவசமாக, 2003 ஜனவரியில் தென் மண்டலத்தில் அதிர்வெண்ணோடு கட்டணத்தைப் பிணைத்து ஒழுங்கு கொண்டுவந்தார்கள். மின்சாரம் திருந்தியது, நம் விதி கெட்டது. இப்போது எந்நேரமும் ஏறக்குறைய 50தான். பழைய மாலை நாடாக்கள் எல்லாம் அவசரத்தில் பாடுகின்றன.

நாடாவில் பதிந்துள்ள மின்சார ரீங்காரத்தை அளந்தால் பழைய அதிர்வெண் தெரியாதா என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் 48.5இல் பதிந்த ரீங்காரமும் பாட்டோடு சேர்ந்து அதே விகிதத்தில் ஏறி, 50 என்றே வாக்குமூலம் தரும். சாட்சி எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டது.

எஞ்சிய ஒரே ஆவணம் கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் காலை 6 மணி முதல் 7.30 வரை என்றால் ஒரு கணக்கு. வரவேற்பு மாலை 6.30 மணி அளவில் என்றால் வேகத்தை நூற்றுக்கு மூன்று குறைக்க வேண்டும். குறைப்பதற்குப் பெரியகுளத்து முறை, நாடா கழன்றுவரும் ஸ்பூலின் விளிம்பில் கட்டைவிரலைப் பட்டும் படாமலும் வைப்பது. வடகரையார் இதை முயற்சி என்கிறார்கள், தென்கரையார் அபசாரம் என்கிறார்கள். விரலை வைத்த மாமாவோ, “ஊமைக்குசும்பு பண்ணாம அந்தப் பத்திரிகையத் தேடுங்கடா” என்கிறார். பத்திரிகை பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி பாகப்பிரிவினை வழக்கின் இரண்டாம் பிரதிவாதியிடம் இருக்கிறது.