ராணிக்கு ஒரு ரெயின்கோட்

பழைய காசு சேர்க்கிறவர்களில் இரண்டு ரகம். ஒரு ரகம் காசைக் காப்பாற்றும். இன்னொரு ரகத்திடமிருந்து காசைக் காப்பாற்ற வேண்டும். நான் எந்த ரகம் என்பது அடுத்த பாராவிலேயே தெரிந்துவிடும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1840-ஆம் வருஷத்து விக்டோரியா ரூபாய் ஒன்று கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த 11.66 கிராம் வெள்ளிக்காசு. ராணி கன்னங்கரேலென்று இருந்தாள். எங்கள் வீட்டில் வெள்ளி கறுத்தால் விபூதிதான். அம்மா சந்தனக் கிண்ணத்தைத் தேய்க்கிற அதே பக்தியோடு அரைமணி நேரம் தேய்த்தேன். ராணி ஜொலித்தாள். அந்த வெளிச்சத்தில் என் அறிவீனம் கண்ணுக்குத் தெரியவில்லை.

கிரேடிங்குக்கு ஒரு டீலர் மூலம் அமெரிக்கா அனுப்பினேன். அங்கே காசைப் பரிசோதித்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து ஒட்டித் தருவார்கள். அந்தக் கூட்டுக்கு 'ஸ்லாப்' என்று பெயர். மார்க் 1 முதல் 70 வரை. ஷெல்டன் என்பவர் 1949-இல் போட்டுவைத்த கணக்கு. எப்படியும் அறுபதைத் தாண்டும் என்று இருந்தேன். வந்த லேபிளில் மார்க்கே இல்லை. 'டீட்டெயில்ஸ், க்ளீன்டு' என்று மட்டும் இருந்தது. நான் தேய்த்தெடுத்த கறுப்புக்கு 'டோனிங்' என்று பெயராம், அதற்குத்தான் மதிப்பாம். ரிசல்ட் வித்ஹெல்டு ஆனது என் வாழ்க்கையில் இது இரண்டாம் தடவை.

ஆத்திரத்தில் ஸ்லாபை உடைத்து ராணியை வெளியே எடுத்தேன். ராணியைவிட ஸ்லாபுக்குத்தான் அதிகம் செலவழித்திருந்தேன் என்பது உடைத்த பிறகு ஞாபகம் வந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பிலேயே குடியேறியது. மற்றவர்கள் ஏற்கெனவே கிரேடு வாங்கிவைத்த காசுகளாகப் பார்த்து வாங்கத் தொடங்கினேன். ஒன்று மூன்றாகி, மூன்று பன்னிரண்டாகி, இப்போது முப்பத்தேழு. வீட்டில் சொல்லியிருக்கும் எண்ணிக்கை பதினைந்து.

கிரேடு வாங்காத செப்புக் காசுகளை பாரிமுனையில் வாங்கிய ஆல்பத்தில் போட்டிருந்தேன். வழவழவென்று மெத்தென்ற பிளாஸ்டிக் தாள். ஒரு வருஷத்தில் காசெல்லாம் பச்சையாக, பிசுபிசுவென்று ஆனது. பழமை ஏறுகிறது என்று நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். அது பழமையில்லை, பிவிசி. அந்தத் தாளை மெத்தென்று ஆக்குகிற எண்ணெய் மெல்ல மெல்லக் கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் சேரும். இரண்டும் காசைத் தின்னும். காசுக்கு ஏற்றது மொடமொடவென்று சத்தம்போடுகிற மைலார் உறைதான். நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவன்.

ஸ்லாபுக்குள் போன காசுக்கு இனி ஒரு கவலையும் இல்லை என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். அது காற்றுப் புகாத டப்பா இல்லை. ரெயின்கோட் மாதிரி. மழைக்குத் தாங்கும், சென்னைப் புழுக்கத்துக்குத் தாங்காது. அதிலும் நான் ஐந்தைந்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஷூ வந்த அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. வெள்ளியைக் கறுப்பாக்குவது கந்தகம். வேண்டிய கறுப்பை விபூதியால் எடுத்தவன், வேண்டாத கறுப்புக்கு ரப்பர் பேண்டு போட்டு ஏற்பாடு செய்திருந்தேன்.

ஈரத்துக்கு சிலிகா ஜெல் போடுங்கள் என்றார்கள். ஹேண்ட்பேக், மாத்திரை பாட்டில் என்று வீடு முழுக்கத் தேடி நாற்பது பொட்டலம் சேர்த்தேன். அவையெல்லாம் எங்கள் வீட்டு ஈரத்தை ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்தவை.

பிறகு காசு கொடுத்து நீல மணிகள் வாங்கினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் எல்லாம் ரோஜா நிறம். மங்களகரமாக இருக்கிறதே என்று மூடிவைத்தேன். ஈரம் நிறைந்தால்தான் ரோஜா நிறம் வரும், சூடாக்கினால் மறுபடி நீலமாகும் என்று பிறகு தெரிந்தது. அடுப்பில் வறுக்கும்போது மனைவி எட்டிப்பார்த்து, "என்னங்க, ஜவ்வரிசி வடாமா?" என்றாள். அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. வீட்டில் எனக்கென்று ஒரு வாணலி இருப்பது இப்படித்தான்.

இருபது ஸ்லாப் நிற்கிற பெட்டியில் இருபத்துமூன்றைத் திணித்ததில் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போகும் என்று படித்தேன். கரியும் உப்பும் கலந்த பேஸ்ட்டாகப் பார்த்துத் தேய்த்தேன். உள்ளே இருந்தது 1911 ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கமே திரும்பப் பெற்ற காசு. என் கைவண்ணத்துக்குப் பிறகு யானையா பன்றியா என்ற பிரச்சினை தீர்ந்தது. ராஜாவே தெரியவில்லை.

கடைசியில் பேங்க் லாக்கர். 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால், லாக்கரின் வருஷ வாடகையைப்போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. இதை வரி விடாமல் படித்துவிட்டு, வாடகை குறைச்சலான குட்டி லாக்கராகப் பார்த்து எடுத்த சாமர்த்தியசாலி நான். வெள்ளம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்குப் பொதுவாகப் பொறுப்பில்லை என்றும் அதில் இருந்தது. 2015 டிசம்பரைச் சென்னையில் பார்த்தவன் நான். என் லாக்கர் தரைத்தளத்தில், கீழ் வரிசையில்.

ஒவ்வொரு ஸ்லாபின் சர்டிஃபிகேட் நம்பர், போட்டோ, பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். போட்டேன். இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று அந்த ஃபைலையும் லாக்கரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது முப்பத்தேழும் இருட்டில் இருக்கின்றன. நான் போனில் போட்டோ பார்க்கிறேன். மார்க் வாங்காத ராணி மட்டும் என் மேஜைமேல், பில்கள் பறக்காமல் இருக்கக் காவல். காற்றுப் பட்டுப் பட்டு, ஓரத்தில் தேன் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. தினமும் ஆபீஸ் போகும்முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவேன்.

போன வெள்ளிக்கிழமை திரும்பி வந்தால் ராணி பளபளவென்று இருந்தாள். "கறுத்துக் கிடந்துச்சேடா, நான்தான் விபூதி போட்டுத் தேய்ச்சு வெச்சேன்" என்றாள் அம்மா.

உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.