குழாய்த்திணை: எழுத்தாளர் இல்லத்துப் பழுதுகள் குறித்து ஓர் ஆய்வு

ஐந்திணை வகுத்தவர்கள் குடியிருக்கும் வீட்டை ஒரு நிலமாகக் கொள்ளவில்லை. அக்குறையை நீக்க இங்கே ஒன்று முன்மொழியப்படுகிறது. நிலம்: மொட்டை மாடியும் அதற்கு நேர் கீழே உள்ள குளியலறையும். பெரும்பொழுது: ஐப்பசி, கார்த்திகை. சிறுபொழுது: யாமம்; குழாய் சொட்டும் ஓசை பகலில் கேட்பதில்லை. கருப்பொருள்: வாஷர், டெஃப்ளான் டேப், எம்-சீல், போன வருடம் மீந்த அரை டப்பா பெயிண்ட். உரிப்பொருள்: காத்திருத்தல். இது முல்லைக்குரிய இருத்தலின் பாற்பட்டது. ஒரு வேறுபாடு உண்டு. முல்லையில் தலைவி தனியே இருப்பாள், தலைவன் வரவேண்டும். இங்கே இருவரும் சேர்ந்தே இருப்பார்கள், வரவேண்டியவர் பிளம்பர்.

பொழுதுக்கு விளக்கம் தேவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்குகிறது. தீபாவளி மலருக்குக் கதை கேட்டு ஃபோன் வருவது அதற்குச் சற்று முன்னால். ஆகவே கூரை ஒழுகுவதும் கதை முடியாமல் கிடப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன. சித்திரையிலேயே தட்டோட்டு இடுக்கை அடைத்திருக்கலாமே என்பர் ஒரு சாரார். சித்திரையில் கூரை ஒழுகாது. ஒழுகாத கூரைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டவர் எவரும் ஆய்வாளன் கண்ணில் பட்டதில்லை. கதைக்கும் இதுவே விதி.

இனி முன்னோர் கருத்து. புனைகதை எழுத நினைக்கும் பெண்ணுக்குப் பணமும் சொந்தமாக ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். ஆண்டுக்கு 500 பவுண்டு என்று தொகையையும் சொன்னார். அந்த அறைச் சுவரில் ஓதம் ஏறினால் யார் பார்ப்பது என்பதைச் சொல்லவில்லை. விஷயம் தெரியாதவர் அல்லர்: ‘மிஸஸ் டாலோவே’ (1925) நாவலில் வந்த பணம் அவருடைய கிராமத்து வீட்டில் கழிப்பறை கட்ட உதவியது. தமிழ்ச் சிறுகதைக்கு வரும் சன்மானத்தில் ஒரு குழாய்க்கு வாஷர் வாங்கலாம். கூலி தனி.

கோல்ரிட்ஜ் வழக்கு வேறு. கனவில் வந்த கவிதையை எழுதிக்கொண்டிருக்கும்போது போர்லாக்கிலிருந்து யாரோ வேலையாக வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துவைத்துக்கொண்டார், மிச்சம் மறந்துபோயிற்று என்று 1816இல் ‘குப்ளா கான்’ முன்னுரையில் அவர் குறைப்பட்டார். ஆனாலும் 54 வரிகள் தேறின. கொடுத்துவைத்தவர். வந்தவர் கெடுத்த கவிதை அது. வராதவர் கெடுப்பது இன்னும் அதிகம். ‘காலையில வந்துடுறேன் சார்’ என்று பிளம்பர் சொன்ன நாளில் ஒரு வரிகூடத் தேறாது. காது முழுக்க வாசலில் இருக்கும்.

வந்துவிட்டாரென்றால் நடப்பது இவ்வளவே. பையைக் கீழே வைக்கிறார், குழாயை ஒரு திருகு திருகிப் பார்க்கிறார், ‘இதை யாரு சார் போட்டது?’ என்கிறார். இலக்கிய விமர்சனம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடக்கம். பிறகு ஓரம் தேய்ந்து கறுத்த ரப்பர் வாஷரை எழுத்தாளர் உள்ளங்கையில் வைத்து ஹார்டுவேர் கடைக்கு அனுப்புகிறார். ‘அரை இஞ்சா, முக்காலா?’ என்பார் கடைக்காரர். சாம்பிளை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பது நல்லது. திரும்புவதற்குள் பிளம்பருக்கு ஃபோன் வந்து வேறொரு வீட்டுக்குப் போயிருப்பார். பை மட்டும் இருக்கும். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற தருக்க நூலார் வழியில், பை உள்ள இடத்துக்கு ஆள் வருவார் என்று அனுமானிக்கலாம்.

எஞ்சியது சொந்த வாழ்க்கை. இதை மீட்பதற்கென்று ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவது மரபு. பிளம்பருக்கும் அன்றைக்குத்தான் ஒழிகிறது. வருவதாகச் சொல்லி அவர் வராத முற்பகலில் மோட்டார் போட முடியாது, துணி துவைக்க முடியாது, வெளியே கிளம்ப முடியாது, எழுதவும் ஓடாது. வேறு வழியின்றிக் கணவனும் மனைவியும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வெகுநேரம் பேசுகிறார்கள். மற்ற நாட்களில் இப்படி நடந்ததாகச் சான்று இல்லை. பேச்சு முழுக்கப் பிளம்பரைப் பற்றியதே ஆயினும் சொந்த வாழ்க்கைக் கணக்கில் இது சேரும் என்பது ஆய்வாளன் துணிபு. அவன் மனைவி உடன்படவில்லை.