அளக்கிற ஓஎம்

ஹாம் ரேடியோக்காரர்களில் பேசுகிற ரகம் உண்டு, அளக்கிற ரகம் உண்டு. அளக்கிற ஓஎம்மை (ஓல்ட் மேன்; பதினெட்டு வயதானாலும் எண்பதானாலும் அங்கே ஆண்கள் எல்லாரும் ‘ஓஎம்’தான்) ஏழு மெகாஹெர்ட்ஸில் தேடிப் பயனில்லை. மொட்டைமாடி அறையில், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பழைய சிக்னல் ஜெனரேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

புது செட் வாங்கியவன் இவரிடம் வாய்விட்டால் தொலைந்தான். பெண் பார்க்கப் போனவர் ஜாதகம் கேட்கிற தோரணையில், “சென்சிட்டிவிட்டி எவ்வளவு?” என்பார்.

“0.16 மைக்ரோவோல்ட்னு போட்டிருக்கு சார்.”

“போடுவான். எந்த பேண்ட்விட்த்ல? லோடு போட்டு அளந்ததா, போடாம அளந்ததா? அதுலயே ஆறு டெசிபல் அடிச்சிடுவான். செட்டைத் தூக்கிட்டு வா தம்பி.”

தம்பி வந்ததும் முதல் காரியமாக மைக்கைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இதில் மட்டும் நான் அவர் கட்சி. கை தவறி பட்டனை அழுத்தினால் நூறு வாட்டும் நேரே ஜெனரேட்டருக்குள் பாய்ந்து அட்டனுவேட்டரைப் பொசுக்கிவிடும். அப்புறம் ஏஜிசியை அணைத்து, 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்ட்மீட்டரை மாட்டுவார். வெறும் இரைச்சல் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, சிக்னலைத் துளித்துளியாக ஏற்றுவார். முள் மூன்று டெசிபல் நகர்ந்ததும், “மைனஸ் 133 டிபிஎம்!” என்பார். மைக்ரோவோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு.

உடனே சந்தேகம். கேபிளைக் கழற்றிப் பார்ப்பார். சிக்னல் அப்படியே கேட்கும்! ஜெனரேட்டர் பெட்டி கசிகிறது. பிறகென்ன, செப்பு டேப், இரட்டை ஷீல்டு கேபிள், பிஸ்கட் டின். சாயங்காலம்வரை தம்பிக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

எப்போதாவது காற்றலைக்கு வந்தாலும் வம்புதான். எல்லாரும் எல்லாருக்கும் ஆசீர்வாதமாக ‘ஐம்பத்தொன்பது’ என்று முழு மதிப்பெண் வழங்கும் இடத்தில், “உங்க சிக்னல் மைனஸ் 79” என்பார். எஸ் 8 என்றால் அதுதான், கணக்கு சரி. எதிர்முனை ஓஎம்முக்கு முகம் சுருங்கிவிடும்.

கசிவெல்லாம் அடைத்து, மறுபடி மைனஸ் 133 வந்த பிறகு தம்பி மெல்லக் கேட்டான்: “ஆன்டெனாவைப் போட்டுப் பாக்கலாமா சார்?”

போட்டான். பக்கத்து வீட்டு எல்இடி பல்பு, கீழ்வீட்டு இன்வெர்ட்டர் எல்லாமாகச் சேர்ந்து எஸ் மீட்டரை ஏழில் கொண்டுபோய் நிறுத்தின. மைனஸ் 85. அரும்பாடுபட்டு அளந்த அந்தச் சிக்னலைவிட அறுபதாயிரம் மடங்கு இரைச்சல்.

ஓஎம் முகத்தில் ஈயாடவில்லை. “கழட்டு, கழட்டு. அதைப் போட்டா அளவே கெட்டுப்போயிடும்.”